ஊசிக்கு முன் ஒரு நல்ல சொல்

பேரக் குழந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு இன்று பல வீடுகளில் தாத்தா பாட்டியைச் சேர்ந்துவிட்டது. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில், பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையின் பல்வலியை முதலில் கேட்பவர்கள் அவர்கள்தாம். இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பவர்களும் அவர்களே. ஆழமான சொத்தையைச் சுரண்டி அடைப்பதாயினும், வேருக்குச் சிகிச்சை செய்வதாயினும், பல்லை எடுப்பதாயினும், பெரும்பாலும் முதலில் ஈறில் ஓர் ஊசி போட வேண்டியிருக்கிறது. அந்த ஊசியின் வலியைக் குறைப்பதற்கு மருத்துவரிடம் பல வழிகள் உண்டு. உடன் செல்லும் பெரியவரின் கையிலும் சில வழிகள் உண்டு. அவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. நிதானமும் உண்மையான சொல்லும் போதும்.

இளங்கன்று பயமறியாது என்பர். ஊசியைப் பற்றிய அச்சத்தில் பெரும்பகுதி குழந்தைக்குப் பிறரால் ஊட்டப்படுவதே. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், "டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டாத வீடுகள் குறைவு. முன்பு பூச்சாண்டி இருந்த இடத்தில் இப்போது ஊசி வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வயதிலிருந்து தண்டனை என்று கேட்டுப் பழகிய ஒன்றை, ஆறு வயதில் மருந்து என்று சொன்னால் குழந்தை எப்படி நம்பும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அஞ்சிய பிள்ளையின் உடல் விறைக்கிறது. மனம் முழுவதும் ஊசி படும் இடத்திலேயே குவிகிறது. அதனால் அதே ஊசி, அமைதியாக இருக்கும் குழந்தைக்கு வலிப்பதைவிட அஞ்சிய குழந்தைக்கு அதிகமாக வலிக்கிறது. இது வெறும் கற்பனை வலியன்று. அச்சம் வலியைப் பெருக்கிக் காட்டுவது நரம்பு மண்டலத்தின் இயல்பு.

பழைய ஊசியும் புதிய ஊசியும்

பெரியவர்களின் அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் சிறுவயதில் கண்டது கண்ணாடிக் குழலும் உலோக ஊசியும். வெந்நீரில் கொதிக்க வைத்து, ஒருவருக்குப் போட்ட ஊசியையே மீண்டும் கொதிக்க வைத்து மற்றவருக்குப் போடுவது அன்றைய வழக்கம். பலமுறை பயன்பட்ட ஊசியின் முனை மழுங்கியிருக்கும். மழுங்கிய முனை சதையைக் கிழித்துக்கொண்டு செல்லும். அந்த நினைவு ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் உடலில் தங்கியிருக்கிறது.

இன்று பல் மருத்துவத்தில் ஒருமுறை பயன்படுத்தியதும் எறியப்படும் ஊசிகளே உள்ளன. 30 கேஜ் எனப்படும் மெல்லிய ஊசியின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர் மட்டுமே. மருந்தும் நீண்ட தூரம் கடந்து வந்திருக்கிறது. 1884-ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் இளம் மருத்துவர், கோக்கெயின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கண் மரத்துப் போவதைக் கண்டறிந்தார். சிறிது காலத்திலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் அதனைத் தாடை நரம்பின் அருகே செலுத்திப் பற்களை மரத்துப்போகச் செய்தார். ஆனால், அம்மருந்து மனிதரை அடிமைப்படுத்தும் தன்மையுடையது. ஹால்ஸ்டெட்டே தம் சோதனைகளின் விளைவாக அதற்கு அடிமையானார். பின்னர் ஆல்ஃப்ரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெயின் என்னும் மருந்து 1905-இல் புழக்கத்துக்கு வந்தது. சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கிய லிடோகெயின் 1948-இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் பல் மருத்துவர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது அதனையே. ஆகவே, தாத்தாவின் நினைவில் இருக்கும் ஊசி வேறு. பேரனுக்குப் போடப்படும் ஊசி வேறு. பழைய ஊசியின் கதையைப் புதிய ஊசிக்கு முன் சொல்லிக்கொண்டிருப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று.

வலி எங்கிருந்து வருகிறது?

பல் ஊசியில் முனை குத்துவதால் வரும் வலி ஒரு பகுதிதான். குத்திய பின் மருந்து உள்ளே செல்லும்போது வரும் வலியே பல சமயம் மிகுதி. ஈறும் மேல்வாயும் எலும்போடு ஒட்டியவை. அங்கே மருந்து பரவுவதற்கு இடம் குறைவு. வேகமாகச் செலுத்தினால் சதை விம்மி வலிக்கும். மேல்வாயில் போடப்படும் ஊசி மற்றவற்றைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். மேலும், மருந்தின் வேலை நீடிப்பதற்காக அதனுடன் அட்ரினலின் சேர்க்கப்படுகிறது. அட்ரினலின் கெடாமல் இருக்கக் கரைசல் சற்றுப் புளிப்புத் தன்மையுடன் தயாரிக்கப்படுகிறது. அந்தப் புளிப்பே எரிச்சலைத் தருகிறது. மருந்து மிகக் குளிர்ந்திருந்தாலும் உறுத்தல் கூடும்.

இந்த ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மாற்று உண்டு. குத்தும் வலிக்கு, முதலில் ஈறை மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவப்படுகிறது. எச்சிலால் ஈரமான ஈறில் அது நிற்காது. ஆகவே, பஞ்சால் துடைத்து உலர்த்திய பிறகு சிறிதளவு தடவி, ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். களிம்பின் பயன் ஈறின் மேற்பரப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வரையே. ஆயினும் முனை நுழையும் அந்தக் கணத்துக்கு அது போதும். விம்மும் வலிக்கு மருந்து, நிதானம். ஒரு மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்த ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வதே நல்ல முறை. ஒரு குப்பியில் இருப்பது 1.8 மில்லிலிட்டர் என்றால், அது முழுவதும் உள்ளே செல்ல இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். சில மருத்துவமனைகளில் இந்த வேகத்தைக் கணினியின் துணையால் சீராக வைத்திருக்கும் கருவிகளும் உள்ளன. குளிர்ந்த மருந்தை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பின் செலுத்துவதும், புளிப்பைத் தணிக்கச் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பதும் வேறு வழிகள்.

ஊசி போடும்போது மருத்துவர் கன்னத்தைப் பிடித்து இழுத்து மெல்ல அசைப்பதைப் பலர் கண்டிருப்பர். அது பழக்கத்தால் செய்யப்படும் வெறும் அசைவன்று. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் வலியைப் பற்றி ஒரு விளக்கம் தந்தனர். வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு. தொடுதல், தடவுதல், அதிர்வு ஆகிய உணர்வுகள் அக்கதவைச் சற்றே மூடிவிடுகின்றன என்பது அதன் சாரம். முழங்கால் இடித்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளையின் காலைத் தேய்த்துவிடும் எந்தப் பாட்டியும் இந்த உண்மையைக் கையால் அறிந்தவரே.

பெரியவர் செய்யக்கூடியவை

குலதெய்வக் கோயிலில் காது குத்தும்போது பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? குழந்தையைத் தாய்மாமன் மடியில் இருத்துகிறார்கள். வாயில் சர்க்கரையைத் தடவுகிறார்கள். எதிரே ஒருவர் நின்று கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். குத்துபவரின் கையைக் குழந்தை பார்க்கவிடுவதில்லை. நெருக்கமான மடி, இனிமையான கவனச் சிதறல், கண்ணில் படாத ஊசி. இம்மூன்றையும் பல் மருத்துவரின் அறைக்கும் கொண்டு செல்லலாம்.

வீட்டிலிருந்து புறப்படும் முன்பே இது தொடங்குகிறது. பிள்ளை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, முடிந்தவரை காலை வேளையில் நேரம் கேட்டுப் பெறலாம். மயக்க மருந்து ஏதும் தரப்போவதில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இலேசான உணவு கொடுத்து அழைத்துச் செல்லலாம். எங்கே போகிறோம் என்பதை மறைத்து, "கடைக்குப் போகலாம்" என்று ஏமாற்றி அழைத்துச் செல்வது கூடாது. அதேபோல், முந்தின நாளிலிருந்தே ஊசியைப் பற்றிப் பேசிப் பேசி மனத்தைக் கலக்குவதும் கூடாது. "பல் டாக்டர் உன் பல்லைப் பார்த்து, அதில் இருக்கும் பூச்சியை எடுத்துவிடுவார்" என்ற அளவு போதும்.

குழந்தையின் எடையை அறிந்து சென்று மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம். மருந்தின் அளவு வயதைக் கொண்டு மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. குழந்தைகளுக்கு லிடோகெயின் ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 66 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்துள்ள 1.8 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் 36 மில்லிகிராம் இருப்பதால், இரண்டு முழுக் குப்பிகளே அந்த வரம்பைத் தாண்டிவிடும். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, ஏதேனும் மருந்தால் முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருத்துவரின் அறைக்குள் நுழைந்த பிறகு, குழந்தையிடம் ஒருவர் மட்டுமே பேசுவது நல்லது. அவர் மருத்துவராக இருக்கட்டும். குழந்தைகளுக்கான பல் மருத்துவர்கள் பின்பற்றும் முறை ஒன்று உண்டு: முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பிறகே செய்வது. அமெரிக்கரான அடல்ஸ்டன் 1959-இல் எழுதி வைத்த இம்முறை இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. மருத்துவர் தண்ணீர் பீய்ச்சும் குழாயைக் குழந்தையின் உள்ளங்கையில் பீய்ச்சிக் காட்டுவார். கண்ணாடியைக் கையில் கொடுப்பார். மரத்துப்போகச் செய்வதைப் "பல்லைத் தூங்க வைப்பது" என்பார். அந்த வேளையில் அருகிலிருந்து, "அம்மாடி, எவ்வளவு பெரிய ஊசி!" என்று ஒரு குரல் எழுந்தால் அத்தனை முயற்சியும் வீணாகும்.

அன்பினால் சொல்லப்படும் சில சொற்களும் தவறிவிடுவதுண்டு. "பயப்படாதே, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் குழந்தையின் கலக்கம் தணிவதில்லை, பல சமயம் கூடவே செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். பயப்படுவதற்கு ஏதோ இருக்கிறது என்பதே அதிலிருந்து பிள்ளை பெறும் செய்தி. "வலிக்கவே வலிக்காது" என்பது இன்னும் பெரிய பிழை. சுருக்கென்று குத்திய மறுகணம் அந்தச் சொல் பொய்யாகிவிடும். அதன் பிறகு மருத்துவரை மட்டுமின்றி, சொன்ன பாட்டியையும் பிள்ளை நம்பாது. குழந்தை தானாகக் கேட்டால், "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், கண்ணா. பிறகு பல் தூங்கிவிடும். பாட்டி பக்கத்திலேயே இருக்கிறேன்" என்பது உண்மையான பதில், ஆறுதலும் அதில் இருக்கிறது.

ஊசி உள்ளே இருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் பெரியவர்களுக்குத்தான் யுகமாகத் தோன்றும். "சீக்கிரம் முடித்துவிடுங்கள், டாக்டர்" என்று அவசரப்படுத்துவது இயல்பு. ஆனால், மருத்துவர் மெதுவாகச் செலுத்துவதே குழந்தையின் நன்மைக்காக. அந்த நேரத்தில் ஒரு கையால் பிள்ளையின் கையையோ பாதத்தையோ பற்றியபடி, தாழ்ந்த குரலில் ஒரு கதை சொல்லலாம். கண்ணன் வெண்ணெய் திருடியதும், மாம்பழத்துக்காக முருகன் மயிலேறி உலகைச் சுற்றியதும் பிள்ளைக்குத் தெரிந்த கதைகள் என்பதால், திறந்த வாயோடு இருந்தாலும் மனம் பின்தொடரும். கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லி எண்ணலாம். மூக்கினால் மெல்ல மூச்சை இழுத்து விடச் சொல்லலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: மரத்துப் போன பின்னும் அழுத்துவதும் தள்ளுவதும் தெரியும், வலி மட்டுமே தெரியாது. இதை முன்பே சொல்லி வைத்தால், "இன்னும் மரத்துப் போகவில்லை" என்று பிள்ளை அஞ்சாது. உண்மையிலேயே வலிக்கிறது என்று கையை உயர்த்தினால், அதனை மருத்துவர் நம்ப வேண்டும். பெரியவரும் நம்ப வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

கீழ்த்தாடையில் ஊசி போட்டிருந்தால் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். சிறு குழந்தைகள் அந்தப் புதுமையில் உதட்டைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள்; வலி தெரியாததால் புண்ணாகும் வரை நிறுத்துவதில்லை. உணர்வு திரும்பும் வரை மென்று தின்னும் உணவும் சூடான பாலும் கொடுக்காமல், பிள்ளையைக் கண் முன்னே வைத்திருக்க வேண்டும். கடித்த இடம் மறுநாள் வீங்கி, வெள்ளையாகப் படலம் கட்டினால் சீழ் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் சில நாள்களில் தானே ஆறிவிடும். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பெருகினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அன்று மாலை உறவினர் எவரேனும் தொலைபேசியில் அழைத்தால், "ஊசி போடும்போது ஊரையே கூட்டிவிட்டான்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வது கூடாது. வலியைவிட வலியின் நினைவே அடுத்த முறை பயமாகத் திரும்பி வருகிறது. அந்த நினைவு, பிறகு பேசப்படும் சொற்களால்தான் உருவாகிறது. அழுதிருந்தாலும் பரவாயில்லை. "வாயை நன்றாகத் திறந்து வைத்திருந்தாய். டாக்டர் எண்ணச் சொன்னதும் எண்ணினாய்" என்று அவன் உண்மையில் செய்ததைச் சொல்லிப் பாராட்டினால், மனத்தில் அதுவே தங்கும்.

தள்ளிப்போடுவதன் விலை

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லி, பிள்ளைக்கு ஊசி வேண்டாமே என்ற இரக்கத்தால் நாள் கடத்துபவர்கள் உண்டு. அந்த இரக்கமே பின்னர் அதிக வலியைக் கொடுக்கிறது. சீழ் கோத்த இடத்தில் சதை புளிப்புத் தன்மை அடைவதால், மரத்துப்போகச் செய்யும் மருந்து அங்கே சரியாக வேலை செய்வதில்லை. ஒரு ஊசியால் முடிந்திருக்க வேண்டியதற்கு இரண்டு ஊசி தேவைப்படலாம். மேலும், பின்புறப் பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து, கீழே வளரும் பற்களுக்கு இடம் காக்க வேண்டியவை. ஆறு வயதளவில் அவற்றுக்கும் பின்னால் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல்லோ பால் பல்லே அன்று. அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல்.

வலிக்கும் பல்லில் கிராம்புத் தைலத்தை ஊற்றும் பழக்கத்தையும் குழந்தைகளிடம் காட்டலாகாது. நீர்க்காத தைலம் ஈறைப் புண்ணாக்கும். விழுங்கினால் தீங்கு தரும். கடையில் கிடைக்கும் பென்சோகெயின் கலந்த களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வலிக்குத் தடவ வேண்டாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்துள்ளது. இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்லும் திறனையே அது அரிதாகக் குறைத்துவிடும் என்பதே காரணம்.

ஊசியே தேவைப்படாத பல்தான் எல்லாவற்றிலும் நல்லது. பிரசாதமாகக் கிடைக்கும் சர்க்கரைப் பொங்கலையும் லட்டுவையும் மறுக்க வேண்டியதில்லை. உண்டதும் வாயைக் கொப்புளிக்கச் சொன்னால் போதும். இரவில் பல் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். மூன்று வயது வரை ஓர் அரிசியளவு, அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு ஃபுளோரைடு பற்பசை போதுமானது.

முதல் பிறந்த நாளை ஒட்டியே குழந்தையைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. வலி ஏதும் இல்லாத நாளில், நாற்காலியில் ஏறி இறங்கிப் பல்லை எண்ணிவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த இடம் பழகிவிடும். தாத்தாவுக்குப் பல் காட்ட வேண்டிய நாள் வந்தால், பேரனையும் உடன் அழைத்துச் செல்லலாம். முதலில் தாத்தா நாற்காலியில் அமர்ந்து, கையைத் தளர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அமைதியாக இருக்கட்டும். அருகில் நின்று பார்க்கும் பிள்ளை, தன் முறை வரும்போது அப்படியே அமர முயலும்.